சுரோடிங்கரின் இரு தேடல்கள்

புதிய பௌதிகம் வேதாந்தத்தை மெய்ப்பித்துவிட்டது என்று மேடையில் ஒருவர் முழங்கக் கேட்டு, மாணவப் பருவத்தில் நான் மெய்சிலிர்த்ததுண்டு. அதற்கு அவர் சான்றாக நிறுத்திய பெயர் எர்வின் சுரோடிங்கர். பல்லாண்டுகளின் பின்னர் அவ்வறிஞரின் வாழ்க்கையையும் நூல்களையும் ஆறுதலாகக் கற்றபோதுதான் உண்மை வேறென உணர்ந்தேன்.

1887 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12 ஆம் திகதி வியன்னாவிற் பிறந்தவர் சுரோடிங்கர். முதலாம் உலகப் போரில் பீரங்கிப் படையிற் பணிபுரிந்தார். போர் முடிவுற்ற காலத்தில் சோப்பனோவரின் தத்துவ நூல்களில் ஆழ்ந்தார். அவை வழியே உபநிடதங்களின் வாயில் அவருக்குத் திறந்தது. ஆன்மாவே பிரமம் என்னும் கொள்கை அவருள்ளத்தில் வேரூன்றிற்று. சூரிச்சிற் பேராசிரியராயிருந்தபோது, 1925 இன் இலையுதிர் காலத்தில், அக்கொள்கையைத் தழுவி ஒரு கட்டுரை எழுதினார்.

அவ்வாண்டு நத்தார் விடுமுறையை அல்ப்ஸ் மலையூரான அரோசாவிற் கழித்தார். அங்கு முனைந்த ஆராய்ச்சி 1926 இல் அலைச்சமன்பாடாக மலர்ந்தது. இரு முனையும் கட்டுண்ட வீணைத் தந்தி குறித்த சில சுரங்களையே எழுப்புதல் போல, அணுவினுள் இலத்திரனும் குறித்த சில சத்தி நிலைகளையே கொள்ளும் என்பதை அது தெளிவாக்கிற்று. சத்திச்சொட்டுப் பௌதிகத்தின் தூண்களில் ஒன்றாகிய இச்சாதனைக்காக 1933 இல் டிராக்குடன் நோபல் பரிசைப் பகிர்ந்தார்.

ஆகவே வேதாந்தம் முந்தியது, சமன்பாடு பிந்தியது. ஒன்றை மற்றொன்றின் சாட்சியாக அவர் கொள்ளவுமில்லை. 1943 இல் டப்ளினில் உயிரைப் பற்றி அவர் ஆற்றிய சொற்பொழிவுகள் மறு ஆண்டு நூலாயின. அதன் இறுதியில் உபநிடதத்தைப் போற்றும் அவர், அணுவுலகின் நிச்சயமின்மைக்கு மனத்தின் செயல்களிற் குறிப்பிடத்தக்க பங்கில்லை என்றே கருதினார்.

1958 இல் வெளிவந்த மனமும் சடமும் பற்றிய நூலில் அதன் காரணம் விளங்குகிறது. விஞ்ஞானம் உலகைச் சித்திரிக்கும்போது, காண்பவனைச் சித்திரத்துக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. பின்னர் அச்சித்திரத்தினுள்ளே அவனைத் தேடினால் எவ்வாறு அகப்படுவான்? உணர்வு ஒன்றே, அதற்குப் பன்மை இல்லை என்பது அவர் துணிபு. ஆயினும் அத்துணிபுக்குச் சமன்பாட்டின் முத்திரையைக் குத்த அவர் முற்படவில்லை. இந்நேர்மையே என்னைக் கவர்ந்தது.

வாழ்விலோ அந்நேர்மை எங்கணும் நிலைக்கவில்லை. ஹிட்லர் ஆட்சியேறிய 1933 இல் பேர்லினை விட்டு நீங்கியவரே, 1938 இல் ஆஸ்திரியா நாசிகளின் கைப்பட்டதும் அவர்களுக்கு இணங்கிப் பகிரங்கக் கடிதம் எழுதினார். பின்னர் அதற்கு வருந்தினார். கடிதமும் அவரைக் காக்கவில்லை. பதவியிழந்து நாட்டைவிட்டு ஓடினார். இளஞ்சிறுமியர்பால் அவர் தகாது நடந்தார் என்னும் செய்தி பரவலாகப் பேசப்பட்டபின், 2022 இல் டப்ளின் திரினிற்றிக் கல்லூரியின் விரிவுரை மண்டபமொன்றிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

1961 ஜனவரி 4 ஆம் திகதி வியன்னாவிலே அவர் மறைந்தார். எல்லா உள்ளங்களிலும் நிற்பது ஓருணர்வே என்று அறிவாற் கண்டவர், பிறர் உள்ளத்தின் நோவைத் தம் நோவாக எண்ணத் தவறிய இடங்களும் உள. ஒருமையை எழுதுதல் எளிது, ஒழுகுதல் அரிது. அன்று மேடையில் நான் கேட்ட மெய்ப்பித்தலை எந்தச் சமன்பாடும் தரவியலாது. அவரவர் வாழ்வே தரவேண்டும் என்று இன்று எண்ணுகிறேன்.