இசைத்தட்டில் வாழும் கிட்டப்பா

மனிதன் படைப்பனவற்றுள் குரலைப்போல் விரைந்து மறைவது பிறிதொன்றில்லை. சிற்பி மாண்டபின்னும் சிலை நிற்கும். புலவன் மாண்டபின்னும் ஏடு நிற்கும். பாடுவோன் பாட்டோ அவன் வாய் மூடுமுன்னரே காற்றிற் கரைந்துபோம். நெடுங்காலம் நிலவிவந்த இவ்விதிக்கு விலக்காக நிற்பவருள் ஒருவர் செங்கோட்டை கிட்டப்பா ஆவார். அவரது வாழ்வையும், அவர் குரலைத் தாங்கி நிற்கும் தட்டின் இயல்பையும் இங்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

கிட்டப்பா 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் செங்கோட்டையில் கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் இராமகிருஷ்ணன் என்பது. தமையன்மாரும் நாடகமேடை ஏறியவர்களே. ஏடும் எழுத்தாணியும் பழகவேண்டிய இளம் பருவத்திலேயே அவர் அரிதாரம் பூசிக்கொண்டார். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்பெறும் சங்கரதாஸ் சுவாமிகளின் தொடர்பும் பயிற்சியும் அவர்க்கு வாய்த்தன. அந்நாளில் நமது மதுரை நாடகக்காரர்களுக்குத் தாய்வீடு போன்றது. சுவாமிகள் 1918இல் சிறுவர் நாடக சபை ஒன்றைத் தோற்றுவித்ததும் இந்நகரிலேயாம். கோரிப்பாளையத்திலிருந்து ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடந்து நகருட் புகும்போதெல்லாம், விடியுமளவும் பாட்டொலி கேட்ட அக்காலத்துக் கொட்டகைகளை நாம் நினைத்துக்கொள்வதுண்டு.

பின்னர்க் கிட்டப்பா கன்னையா கம்பெனியிற் சேர்ந்து பெரும்புகழ் எய்தினார். ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருந்தோர்க்கும் குரல் எட்டவேண்டும். கிட்டப்பாவின் குரலோ மிக உயர்ந்த சுருதியிலும் கம்மாது, இடறாது, தெளிந்து சென்றது. இலங்கையில் அவர்க்குக் கே. பி. சுந்தராம்பாளின் நட்புக் கிட்டிற்று. 1927இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். வள்ளி திருமணம் முதலிய நாடகங்களில் இருவரும் எதிரெதிர் நின்று பாடுவதைக் கேட்க ஊர்கள் திரண்டன. ஆயினும் உடல் நலிந்து, 1933ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள், தமது இருபத்தேழாம் வயதிலேயே கிட்டப்பா மறைந்தார். சுந்தராம்பாள் அன்றுமுதல் வெள்ளாடை உடுத்தவராய், 1980இல் தாம் மறையுமளவும் அந்நோன்பை விடவில்லை. தமிழ்ப் பேசும்படம் அப்பொழுதுதான் பிறந்திருந்தது; கிட்டப்பா அதில் தோன்றினாரில்லை. ஆதலின் இன்று அவர் நமக்கு எஞ்சியிருப்பது இசைத்தட்டுகளில் மட்டுமே.

நிற்க. அத்தட்டுகளுள் ஒன்றைக் கோரிப்பாளையத்தில் ஒரு பெரியவர் இல்லத்தில் காணும் பேறு பெற்றோம். பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவர் உருப்பெருக்காடி கொண்டுவந்திருந்தார். வெறுங்கண்ணுக்குக் கருவட்டமாய்த் தோன்றியது, சாய்ந்த வெயிலில் ஆடி வழியே நோக்குங்கால் உழுத வயலாயிற்று. வரியென நினைத்தது பள்ளம். அப்பள்ளமும் நேராக ஓடாமல் இடமும் வலமும் நெளிந்து சென்றது. அந்நெளிவே குரல். பலத்த ஒலிக்கு நெளிவு அகலும். மெல்லிய ஒலிக்குச் சுருங்கும். உயர்ந்த சுரத்திற்கு நெளிவுகள் நெருங்கும். தாழ்ந்த சுரத்திற்கு விலகும். பெருநெளிவின் மேல் ஏறியமர்ந்த சிறுநெளிவுகளே ஒருவர் குரலை மற்றொருவர் குரலினின்றும் வேறுபடுத்துவன.

தட்டையான இத்தட்டு முறைக்கு எமில் பெர்லினர் என்பார் 1887இல் உரிமை பெற்றார். மெழுகுத் தட்டில் ஊசி கீறிய வடுவிலிருந்து உலோக அச்சு எடுத்து, அரக்குக் கலவையில் அழுத்திப் பல படிகள் செய்தனர். 1925 முதல் ஒலிவாங்கியின் துணை கொண்டு மின்சார முறையிற் பதியலாயினர். தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும்போது ஊசி பள்ளத்தின் நெளிவிற்கேற்ப அசைகின்றது. அவ்வசைவு மெல்லிய தகட்டை அதிர்விக்க, தகடு காற்றை அதிர்விக்க, மாண்டவர் பாடுகின்றார். 1948இல் தோன்றிய வினைல் நெடுந்தட்டுகளிற் பள்ளம் நுண்ணிதாயிற்று. சுழற்சி நிமிடத்திற்கு 33⅓ ஆகக் குறைந்தது. தத்துவம் மட்டும் மாறவில்லை.

பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடமே பாடும். அதற்குள் ஊசி ஏறத்தாழ 130 மீட்டர் நடந்துவிடுகின்றது. இரவெல்லாம் விரித்துப் பாடியவர் தம் கலையை மூன்று நிமிடத்திற்குள் மடக்கித் தந்தார் என்பதே வியப்பு. இதனுள் ஒரு கொடுமையும் உண்டு. நொடிக்கு 500 முறை அதிரும் சுரத்தின் ஒரு நெளிவு தட்டின் விளிம்பில் 2 மில்லிமீட்டர் இடம் பெறும். உள்வட்டத்தில் அதுவே சுமார் 1 மில்லிமீட்டராகக் குறுகும். பாட்டு உச்சத்தை எட்டும் முடிவுப் பகுதியே நெருக்கமான இடத்தில் எழுதப்படுகின்றது. நுண்ணிய நெளிவுகள் முதலில் தேய்வதும் அங்கேதான்.

பெரியவர் புதிய ஊசி செருகித் தட்டை ஒருமுறை ஓடவிட்டார். இரைச்சலுக்கிடையே அக்குரல் எழுந்தபொழுது எம்முள் ஒருவரும் பேசவில்லை. மறுமுறை கேட்க அனைவர்க்கும் ஆவலே. ஆயின் உருப்பெருக்காடியில் கண்டதை மறக்க இயலவில்லை. எஃகூசி இறங்குந்தோறும் பள்ளத்தின் சுவர் சிறிது உதிர்கின்றது. கேட்டால் தேயும், கேளாவிடில் ஊமையாகும். கேளாமலே தட்டை உறையிலிட்டோம்.

இவ்விடுக்கணுக்கு இக்காலத்தில் வழியுண்டு. எடை குறைந்த ஊசியால் ஒருமுறை மெல்ல ஓட்டிக் கணிப்பொறியிற் படியெடுத்துவிட்டால், தட்டு ஓய்வு பெறும், குரல் உலவும். நம் கல்லூரியின் பழைய மாணவர்தம் இல்லப் பரண்களில் இத்தகைய தட்டுகள் உறங்கலாம். அரக்குத் தட்டு ஒருமுறை கைதவறினால் உடைந்துபோம். உடையுமுன் எடுத்துத் தூசு துடைத்துப் படியெடுக்க அன்பர்கள் முன்வருவாராக. இருபத்தேழு ஆண்டே வாழ்ந்தவர்க்கு நாம் கூட்டித் தரக்கூடிய ஆயுள் இதுவே.