குமாஸ்தாவாக இருந்து தியாகையாவாக வாழ்ந்தவர்: சித்தூர் நாகையாவின் கதை

கிறிஸ்துமஸ் விடுமுறையில் டெலிவிஷனில் பழைய படம் போட்டால் "பாவமன்னிப்பு" பெரும்பாலும் தப்பாமல் வந்துவிடும். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் மூவரும் ஒரே குடும்பமாகக் கலக்கும் கதை. பண்டிகை நாளுக்குப் பொருத்தமான படம்தான்.

அதில் கைவிடப்பட்ட குழந்தையை எடுத்து, ரஹீம் என்று பெயரிட்டு வளர்க்கும் பெரியவர் ஒருவர் வருவார். தொப்பி, தாடி, கனிந்த முகம். ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கும் இஸ்மாயில் பாய். சிவாஜி, ஜெமினி, சாவித்திரி, தேவிகா என்று பெயர் சொல்லும் பிள்ளைகள், அந்தப் பெரியவர் யார் என்று கேட்டால் விழிப்பார்கள்.

அவர்தான் சித்தூர் வி. நாகையா. நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த ஊரின் பெயரைத் தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் எல்லாம் எழுத வைத்தவர். டிசம்பர் 30 அவருடைய நினைவு நாள்.

சர்க்கார் குமாஸ்தா

நாகையா பிறந்தது 1904 மார்ச் 28-ந் தேதி, குண்டூர் பக்கம் ரேபல்லையில். வளர்ந்ததும் படித்ததும் சித்தூர் சீமையில். திருப்பதி தேவஸ்தானத்தின் உபகாரச் சம்பளம் அவருடைய படிப்புக்கு உதவியது. அப்போது சித்தூர் சென்னை மாகாணத்தில் இருந்தது. வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ் என்பது இன்று போலவே அன்றும் இந்த ஊர் வழக்கம். பின்னாளில் தமிழ்ப் படத்தில் பேச அவர் திணறாததற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

படிப்பு முடிந்ததும் சித்தூரில் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் பென்ஷன். அந்தக் காலத்தில் அதை விட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னால் வீட்டில் அடுப்பு எரியாது. நாகையா விட்டுவிட்டார். ஆந்திர பத்திரிகாவில் நிருபராகச் சேர்ந்தார். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் நாட்டை உலுக்கியபோது காந்தியடிகளின் பக்கம் அவர் மனம் சாய்ந்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக நாடகம் அவரை இழுத்தது. சித்தூர் ராம விலாச சபா அந்நாளில் பேர் பெற்றது. அதன் மேடையில் பாடி நடித்துத்தான் நாகையா ஊரறிந்த ஆளானார். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய குரல் அது. பெயருக்கு முன்னால் சித்தூர் ஒட்டிக்கொண்டதும் அந்த மேடையால்தான்.

இதற்கு நடுவே குடும்ப வாழ்க்கை அவரைப் பலமாக அடித்தது. மனைவியைப் பறிகொடுத்த துக்கத்தில் எல்லாம் வெறுத்துத் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் போய் இருந்தார். திரும்பி வந்த பிறகுதான் சினிமா.

வாகினியின் நாயகன்

1938-ல் எச்.எம். ரெட்டியின் "கிருகலட்சுமி" தெலுங்குப் படத்தில் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். அடுத்த ஆண்டு பி.என். ரெட்டி வாகினி நிறுவனத்தின் சார்பில் எடுத்த "வந்தே மாதரம்" அவரைக் கதாநாயகனாக்கியது. பிறகு "சுமங்கலி", "தேவதா", "ஸ்வர்க்கசீமா" என்று வரிசையாக வந்தன. நடிப்பு, பாட்டு இரண்டும் அவரே. பல படங்களுக்கு இசையும் அவரே.

தமிழுக்கு வந்தது 1941-ல். "அசோக்குமார்" படத்தில் தியாகராஜ பாகவதர் குணாளன், நாகையா அசோகச் சக்கரவர்த்தி. சிற்றன்னையின் சூழ்ச்சியால் பெற்ற மகனுக்கே தண்டனை விதிக்கும் தகப்பன் வேடம். அன்று பாகவதர் புகழின் உச்சியில் இருந்தவர். அவர் எதிரில் நின்று மங்காமல் இருப்பதே பெரிய காரியம். 1945-ல் எல்லிஸ் டங்கன் இயக்கிய "மீரா"வில் எம்.எஸ். சுப்புலட்சுமிக்குக் கணவராக, ராணாவாக நடித்தார். மனைவியை நேசிக்கவும் வேண்டும், அவளுடைய பக்தியைப் புரிந்துகொள்ள முடியாமல் தவிக்கவும் வேண்டும். இன்று பார்த்தாலும் அந்த ராணாவின் மேல் நமக்குக் கோபம் வராது, இரக்கம்தான் வரும்.

பக்தர்கள் மூவர்

ஆனால் ஆந்திர மக்கள் அவரை வைத்துப் பூஜித்தது மூன்று படங்களுக்காக. 1942-ல் "போதனா", 1946-ல் "தியாகையா", 1947-ல் "யோகி வேமனா". முதலும் மூன்றாவதும் கே.வி. ரெட்டி இயக்கியவை. நடுவில் உள்ள "தியாகையா"வை நாகையாவே இயக்கி, இசை அமைத்து, பாடி நடித்தார்.

தியாகராஜர் வாழ்ந்தது திருவையாற்றில், பாடியது தெலுங்கில். காவிரிக்கரையில் தெலுங்கு பாடிய மகானைச் சித்தூரிலிருந்து போன ஒருவர் திரையில் நிறுத்தினார். அரசன் அனுப்பிய பொன்னை ஒதுக்கித் தள்ளிய தியாகராஜர் வேடம் நாகையாவுக்கு வேடமாகத் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும். நல்லதா கெட்டதா, படம் முடிந்த பிறகும் அந்த வேடம் அவரை விட்டுப் போகவில்லை.

அமெரிக்காவில் பால் முனி என்ற நடிகர் லூயி பாஸ்டர், எமிலி ஜோலா போன்ற பெரியோர் வேடங்களில் அந்த மனிதராகவே மாறிவிடுவார். நாகையாவை இந்தியாவின் பால் முனி என்று பத்திரிகைகள் எழுதின. 1948-ல் ஜெமினியின் "சக்ரதாரி" வந்தபோது தமிழ் ரசிகர்களும் அதை ஒப்புக்கொண்டார்கள். பாண்டுரங்கன் நினைவில் மெய்மறந்து மண் மிதிக்கும் குயவர், சேற்றோடு தம் குழந்தையையும் மிதித்துவிடும் காட்சியில் தியேட்டரே அழுதது.

கொடுத்துக் கெட்டவர்

அந்நாளில் தென்னாட்டில் அதிகச் சம்பளம் வாங்கிய நடிகர்களில் நாகையா ஒருவர். அந்தப் பணம் எங்கே போனது? பாதி, கேட்டவர்களுக்குப் போனது. சென்னையில் அவர் வீட்டு வாசலுக்கு வந்தவர் பசியோடு திரும்பியதில்லை. சினிமா வாய்ப்புத் தேடி ரயிலேறி வந்தவர்கள், வேலை இழந்த நாடகக்காரர்கள், கல்யாணத்துக்கு உதவி கேட்டவர்கள் எல்லோருக்கும் கை நீண்டது. கணக்கு எழுதத் தெரிந்த முன்னாள் குமாஸ்தா, தம் கணக்கை மட்டும் எழுதிக்கொள்ளவில்லை.

மீதியைச் சொந்தப் படக் கம்பெனி விழுங்கியது. 1953-ல் தமிழில் "என் வீடு", தெலுங்கில் "நா இல்லு" என்று இரு மொழியிலும் தாமே எடுத்தார். பத்ராசலம் ராமதாசர் கதை அவருடைய பெரிய ஆசை. கையில் பணம் வரும்போது எடுப்பதும், இல்லாதபோது நிற்பதுமாக இழுத்து, "பக்த ராமதாசு" 1964-ல்தான் வெளியாயிற்று. அதற்குள் காலம் மாறிவிட்டது. ரசிகர்கள் என்.டி. ராமராவ், நாகேஸ்வரராவ் பக்கம் போய்விட்டார்கள்.

பிறகு அவருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் அப்பா, தாத்தா, சாமியார் வேடங்கள். "லவகுசா"வில் வால்மீகி. 1966-ல் "ராமு" படத்தில், மகனுக்குப் பேச்சு வராத துயரத்தோடு வரும் ஜெமினிக்கு ஆறுதல் தரும் பெரியவர். இங்கே ஒரு வேதனையைக் கவனிக்க வேண்டும். தியாகராஜர் கீர்த்தனைகளைச் சொந்தக் குரலில் பாடி நாட்டையே உருக வைத்தவர், "ராமு"வில் சீர்காழி கோவிந்தராஜனின் குரலுக்கு வாயசைத்தார். "பாவமன்னிப்பு" இஸ்மாயில் பாய்க்குப் பாடியவர் நாகூர் ஹனீபா. இரண்டும் அருமையான குரல்கள், பாட்டில் குறை சொல்ல இடமில்லை. ஆனாலும் அந்த உதட்டுக்கு உரிய குரல் உள்ளேயே இருந்தது.

வேடம் சிறிதென்று அவர் முகம் சுளித்ததில்லை. கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு போனார். 1965-ல் மத்திய சர்க்கார் பத்மஸ்ரீ விருது தந்தது. சிவாஜிக்கு அது அடுத்த ஆண்டு கிடைத்தது. விருதால் வீட்டு வறுமை தீரவில்லை.

1973 டிசம்பர் 30-ந் தேதி, ஊரெல்லாம் கிறிஸ்துமஸ் முடிந்து புது வருஷத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த வேளையில் நாகையா காலமானார். சென்னையில் டெலிவிஷன் நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15-ல். வீட்டுக் கூடத்தில் பெட்டிக்குள் தம் படம் ஓடுவதை அவர் பார்க்கவில்லை.

சென்னை தியாகராய நகர் பனகல் பூங்காவில் அவருக்குச் சிலை இருக்கிறது. சித்தூரில் அவர் பெயரில் நாகையா கலாக்ஷேத்திரம் இருக்கிறது. அங்கே கல்யாண வரவேற்புக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் போய் வரும் நம்மவர்கள் பலர், வாசலில் எழுதியிருக்கும் பெயரும் டெலிவிஷனில் வரும் இஸ்மாயில் பாயும் ஒரே ஆள் என்று அறியாமலே வீடு திரும்புகிறார்கள். இந்த விடுமுறையில் படம் போட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அவரைக் காட்டிக் கொடுங்கள்.