விசில் அடிக்க முடியாமல் போன வண்டிக்காரர்... முக நரம்பின் ரகசியத்தைத் தேடிய சார்லஸ் பெல் யார்?

திருச்சி கே.கே. நகரோ, லண்டனோ, எந்த ஊராக இருந்தாலும் சரி. தாடையில் அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டர் நோயாளியைக் கொஞ்சம் விநோதமான வேலைகள் செய்யச் சொல்வார். புருவத்தைத் தூக்கணும், கண்ணை இறுக்கி மூடணும், பல்லைக் காட்டணும், கன்னத்தை உப்பணும், விசில் அடிக்கணும். ஸ்கேன் கிடையாது, மெஷின் கிடையாது. இரண்டு நிமிஷம் முகத்தைப் பார்த்தே முக நரம்பில் அடிபட்டிருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். இந்தப் பரிசோதனையின் வேர் 200 வருஷத்துக்கு முந்தையது. அதைத் தேடிப்போனால் ஓவியம் வரையத் தெரிந்த ஒரு சர்ஜன் வருகிறார்.

சார்லஸ் பெல் 1774-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். அப்பா பாதிரியார். சார்லஸுக்கு ஐந்து வயது ஆனபோதே அவர் இறந்துவிட்டார். வசதி இல்லாத வீடு. பையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தது பெரும்பாலும் அம்மாதான். வரையக் கற்றுக் கொடுத்தவர் டேவிட் ஆலன் என்ற ஓவியர். அண்ணன் ஜான் பெல் அந்த ஊரில் பெயர் பெற்ற சர்ஜன். அண்ணனிடமே உடற்கூறியல் படித்த சார்லஸ், 1798-ல் உடலை அறுத்துப் படிப்பது பற்றி, தானே வரைந்த படங்களோடு ஒரு புத்தகம் போட்டார்.

ஆனால் அண்ணனுக்கும் ஊரின் பெரிய டாக்டர்களுக்கும் ஆகாது. அந்தச் சண்டையில் தம்பிக்கும் எடின்பரோ ஆஸ்பத்திரிக் கதவு மூடிக்கொண்டது. 1804-ல் லண்டனுக்குக் கிளம்பினார். அங்கே கையில் வேலை எதுவும் இல்லை. 1806-ல் அவர் வெளியிட்ட புத்தகம் டாக்டர்களுக்கானதே அல்ல, ஓவியர்களுக்கானது. சிரிக்கும்போது எந்தத் தசை இழுக்கிறது, அழும்போது எது சுருங்குகிறது என்று விளக்கும் புத்தகம். முகத்தை அவர் முதலில் பார்த்தது ஓவியராகத்தான். பின்னால் அவருக்குக் கைகொடுத்ததும் அந்தக் கண்தான்.

1815-ல் வாட்டர்லூ போர். செய்தி வந்ததும் மனைவியின் சகோதரர் ஜான் ஷாவைக் கூட்டிக்கொண்டு பிரஸ்ஸல்ஸ் போய், காயம்பட்ட வீரர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மயக்க மருந்து இல்லாத காலம். அவர் கை கால் அகற்றியவர்களில் பெரும்பாலானோர் பிழைக்கவில்லை. சர்ஜனாக அவருக்கு அது பெருமை தந்த பயணம் இல்லை. ஆனால் அங்கே பார்த்த காயங்களை அவர் வரைந்த படங்கள் இன்றும் இருக்கின்றன.

1821-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் நரம்புகள் பற்றி ஒரு கட்டுரை படித்தார். மூளையிலிருந்து நேரடியாகக் கிளம்பும் 12 ஜோடி நரம்புகளில் முகத்துக்கு முக்கியமானவை இரண்டு: ஐந்தாவது, ஏழாவது. இரண்டும் முகம் முழுக்கப் பின்னிக் கிடக்கின்றன. ஒரே இடத்துக்கு எதற்கு இரண்டு நரம்பு? அன்றைக்கு யாருக்கும் தெளிவான பதில் இல்லை.

அந்தக் கட்டுரையில் ஒரு குதிரை வண்டிக்காரர் வருகிறார். அவர் காதுக்கு முன்னால் இருந்த கட்டியை ஒரு சர்ஜன் வெட்டி எடுத்திருந்தார். வெட்டும்போது வாயோரத்துக்குப் போகும் நரம்புக் கிளையும் அறுந்துவிட்டது. கொஞ்ச நாள் கழித்து வண்டிக்காரர் நன்றி சொல்ல வந்தார். கூடவே ஒரு குறையும் சொன்னார்: குதிரைகளுக்கு விசில் அடிக்க முடியவில்லை. அவருக்கு அது தொழில் பிரச்னை. பெல்லுக்கு அதுதான் ஆதாரம். நரம்பு அறுந்ததும் எந்த வேலை நின்றுபோகிறது என்று பார்த்தால், அந்த நரம்பு எதற்கு என்பது தெரிந்துவிடும் இல்லையா?

இங்கேதான் அவர் சறுக்கினார். கழுதை ஒன்றுக்கு ஐந்தாவது நரம்பின் கிளையை வெட்டினார். கழுதையால் உதட்டால் ஓட்ஸை எடுக்க முடியவில்லை. உதட்டை அசைப்பதும் இந்த நரம்புதான் என்று முடிவு கட்டினார். உண்மையில் உதடு மரத்துப்போயிருந்தது; தீனி எங்கே இருக்கிறது என்றே கழுதைக்குத் தெரியவில்லை. இதைத் திருத்தியவர் அவருடைய பழைய மாணவர் ஹெர்பர்ட் மேயோ. முகத்தில் தொடுஉணர்வு ஐந்தாவது நரம்பின் வேலை, முகபாவத் தசைகளை அசைப்பது ஏழாவதின் வேலை.

பெல் அதைப் பெருந்தன்மையாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. 1824-ல் கட்டுரைகளை மறுபதிப்பு செய்தபோது, வாசகங்களைச் சத்தமில்லாமல் மாற்றி, முதலிலிருந்தே சரியாகச் சொன்னதுபோல் ஆக்கினார். தண்டுவட நரம்பு வேர்கள் விஷயத்தில் பிரான்ஸின் மஜெண்டியோடும் யார் முதலில் கண்டுபிடித்தது என்று பெரிய தகராறு. பெரிய மூளைக்காரர்தான், மனசு அவ்வளவு பெரிசில்லை.

பதக்கம், சர் பட்டம் எல்லாம் வந்தன. 1836-ல், ஒருகாலத்தில் கதவடைத்த எடின்பரோவுக்கே பேராசிரியராகத் திரும்பினார். 1842 ஏப்ரலில் லண்டனுக்குப் பயணம் போகும் வழியில், ஹாலோ என்ற கிராமத்தில் நெஞ்சுவலியால் இறந்தார். திடீரென்று ஒரு பக்க முகம் செயலிழப்பதற்கு ‘பெல்ஸ் பால்சி’ என்று அவர் பெயர்தான். ஆனால் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீக மருத்துவர் அல்-ராஸி முகவாதத்தை விவரித்திருக்கிறார்.

இன்று பல், தாடை சர்ஜன்கள் பார்ப்பதும் அந்த ஐந்தா, ஏழா என்ற கேள்வியைத்தான். கடைவாயில் ஞானப் பல் எடுத்தபின் கீழுதடு மரத்திருந்தால், அது ஐந்தாவதின் கிளை. உணர்வு இருக்கிறது, ஆனால் சிரித்தால் உதடு ஒரு பக்கம் இறங்க மறுக்கிறது என்றால், அது ஏழாவதின் கிளை. தாடைக்குக் கீழே கத்தி வைக்கும் சிகிச்சைகளில் இந்தச் சின்னக் கிளைக்குத்தான் ஆபத்து அதிகம். கீழ்த்தாடைக்குப் போடும் மரப்பு ஊசி சற்றுப் பின்னால் போனால்கூட ஒரு பக்க முகம் தொங்கலாம். சில மணி நேரத்தில் தானாகச் சரியாகும். பாதிப்பு எவ்வளவு என்பதை 1985-ல் வந்த ஹவுஸ்-பிராக்மன் அளவுகோலால் ஆறு படிகளாகக் குறிப்பார்கள். சிகிச்சைக்கு முன்பே ஒருமுறை இப்படிப் பார்த்து எழுதிவைத்தால்தான், பின்னால் வந்த மாற்றம் எது என்பதில் குழப்பம் இருக்காது. சிகிச்சை எதுவுமே இல்லாமல் முகம் திடீரென்று கோணினால் மட்டும் பல் டாக்டரிடம் போய் நேரத்தை வீணாக்கக் கூடாது. அது பக்கவாதமாக இருக்கலாம், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

ஏழாவது நரம்பு போனால் பெரிய கவலை கண். மூட முயன்றால் விழி மேலே உருளும் (இதற்கும் பெல் பெயர்தான்), இமை மட்டும் மூடாது. கருவிழி காய்ந்து பார்வையே போகலாம். தொழுநோயிலும் இப்படி ஆகும். அதற்கு வேலூர் சி.எம்.சி.யில், கொல்லிமலையில் பிறந்த சர்ஜன் பால் பிராண்ட் ஒரு சிகிச்சை செய்தார். மெல்ல உதவும் பொட்டுத் தசையின் ஒரு பட்டையை இமைக்குக் கொண்டுவந்து தைப்பது. அந்தத் தசையை இயக்குவது ஐந்தாவது நரம்பு. ஏழாவது செத்தாலும் அது வேலை செய்யும். நோயாளி பல்லைக் கடித்தால் கண் மூடும். அதைப் பழகிக்கொள்ளத்தான் கொஞ்ச நாள் ஆகும்.