மேல்வானத்தை ஆராய்ந்த டாக்டர் கே. ஆர். இராமநாதன்

சர் சி. வி. இராமன் அவர்களின் புகழை நம் பெங்களூர்த் தமிழ்ச் சிறுவர்களும் அறிவர். அவரிடம் பயின்று, பின்னர் உலக விஞ்ஞானிகளால் போற்றப்பெற்ற டாக்டர் இராமநாதன் அவர்களின் பெயரோ நம் இல்லங்களில் அதிகம் பேசப்படுவதில்லை.

1893 பிப்ரவரி 28இல், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பாலக்காட்டுக் கல்பாத்தியில் அன்னார் பிறந்தார். சென்னையில் பௌதிகம் கற்று, திருவனந்தபுரத்தில் பணியாற்றியபின், 1921இல் கல்கத்தாவில் இராமனிடம் சேர்ந்தார். 1923இல், நீரில் ஒளி சிதறுவதை ஆராய்கையில், நிறம் மாறிய மங்கலான ஒளி ஒன்றும் உடன் வரக் கண்டார். நீரைப் பன்முறை தூய்மை செய்தும் அது மறையவில்லை. மாசே காரணம் என்று அப்பொழுது கருதிவிட்டனர். அத்தகைய ஒளியே 1928இல் இராமன் விளைவெனப் புகழ் பெற்றது. அதற்குள், 1925இலேயே, நம்மவர் வானிலை இலாகாவில் அமர்ந்துவிட்டார். நாமாயின் ஆயுள் முழுதும் அதைச் சொல்லிப் புலம்பியிருப்போம்!

அக்காலத்தில் ஆக்ராவிலிருந்து, சிறு கருவிகளைத் தாங்கிய பலூன்களை மேலே விடுவர். பலூன் வெடித்ததும் கருவி எங்கோ வயல்வெளியில் விழும். கண்டெடுத்து அனுப்புவோர்க்கு வெகுமதி உண்டென்று சீட்டும் கட்டியிருப்பர். பார்சல் கணக்கோடு காலங்கழிக்கும் நமக்கு, அவை திரும்பி வந்தமையே பெருவியப்பு.

அக்கணக்குகளைக் கொண்டு 1929இல் அன்னார் வரைந்து காட்டிய படம் எவரையும் திகைக்கச் செய்யும். மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது. ஓர் எல்லையில் அக்குளிர்ச்சி நின்றுவிடுகிறது. துருவப் பகுதியில் அவ்வெல்லை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் உயரத்தில் உளது. பூமத்திய ரேகையை அடுத்தோ சுமார் 17 கிலோமீட்டர். ஆதலின் அங்கே குளிர் பூஜ்யத்திற்குக் கீழ் 80 பாகையை எட்டுகிறது. துருவ எல்லையிலோ பொதுவாக 50, 60 பாகையே. வெயில் மிகுந்த நாட்டின் தலைக்கு மேல்தான் அத்தனை குளிர்!

1948இல் அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தின் முதல் இயக்குநரானார். ஆங்கு ஓசோன் வாயுவை ஆராய்ந்தார். பூமத்திய ரேகைக்கு மேல், மிக உயரத்தில், காற்று ஏறக்குறைய 28 மாதங்களுக்கொரு சுற்றாகக் கிழக்கும் மேற்குமாகத் திசை மாறுகிறது. கீழிருந்து எழும் வாயுமண்டல அலைகளே அதற்குக் காரணமெனப் பின்னர் தெளிந்தனர். வெப்ப நாடுகளின் ஓசோனும் அவ்வாறே ஏறக்குறைய ஈராண்டுக்கொரு முறை ஏறி இறங்குவதை 1963இல் அன்னார் எடுத்துக்காட்டினார். அப்பொழுது வயது எழுபது.

1976இல் பத்ம விபூஷண் பெற்ற அன்னார், 1984 டிசம்பர் 31இல் காலமானார்.