தூக்கத்தின் 'சுவிட்ச்' எங்கே இருக்கு? தேடிக் கண்டுபிடித்த விமானி டாக்டர்!

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916-17 குளிர்காலம். வியன்னா மருத்துவமனைக்கு விசித்திரமான நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். சிலர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போவார்கள். எழுப்பினால் பதில் சொல்வார்கள். விட்டால் மறுபடியும் தூக்கம்தான். வேறு சிலருக்கு நேர்மாறு, பொட்டுத் தூக்கம் கிடையாது. பலர் இறந்தும்போனார்கள்.

என்ன நோய்னே பிடிபடாத நேரத்தில், இவையெல்லாம் ஒரே மூளை அழற்சியின் வெவ்வேறு முகங்கள் என்று 1917இல் சொன்னவர் கான்ஸ்டன்டின் வான் எகோனோமோ.

யார் இவர்?

1876இல் ருமேனியாவின் பிரைலா நகரில், கிரேக்கக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் முதலில் படித்தது இன்ஜினீயரிங். இரண்டே வருஷத்தில் மருத்துவத்துக்குத் தாவிவிட்டார். விமானம் ஓட்டுவதும் அத்துப்படி. போரில் விமானியாகவும் பறந்தார்.

என்ன கண்டுபிடித்தார்?

இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். தூங்கியே கிடந்தவர்களுக்கு, ஹைப்போதலாமஸின் பின்பகுதியும் நடுமூளையும் சேரும் இடம் பாதிக்கப்பட்டிருந்தது. தூக்கமே வராதவர்களுக்கு முன்பகுதி. அப்படின்னா, தூக்கம் என்பது மூளை சும்மா களைத்துப்போவது இல்லை. தூங்கவைக்க ஓரிடம், விழிக்கவைக்க இன்னோரிடம் இருக்கிறது. திடீர் திடீரென்று தூக்கம் அழுத்தும் 'நார்கோலெப்சி'க்கும் இந்தப் பகுதியின் கோளாறே காரணம் என அவர் கணித்தார். ஆனால் அந்தச் செல்கள் எந்த வேதிப்பொருள் மூலம் பேசிக்கொள்கின்றன என்று தெரிவதற்குள், 1931இல் 55 வயதில் இறந்துவிட்டார்.

பிறகு என்ன ஆச்சு?

விடை 1998இல் வந்தது. ஹைப்போதலாமஸில் உள்ள சில செல்கள் 'ஆரெக்சின்' என்ற நியூரோபெப்டைடை, அதாவது நரம்புச் செல்கள் தகவல் அனுப்பப் பயன்படுத்தும் குட்டிப் புரதத்தைச் சுரந்து நம்மை விழிப்பாக வைத்திருக்கின்றன. நார்கோலெப்சி நோயாளிகளின் மூளையில் இந்தச் செல்கள் பெரும்பாலும் அழிந்திருப்பது 2000இல் தெரியவந்தது. முன்பகுதியில் உள்ள தூக்கச் செல்களில் இருப்பது 'கேலனின்' என்ற நியூரோபெப்டைடு.

உடலின் 24 மணி நேரக் கடிகாரமும் அதே முன்பகுதியில்தான் இருக்கிறது. சுமார் 20,000 செல்கள்; ஒவ்வொன்றும் ஒரு கடிகாரம். அவற்றை ஒரே நேரத்துக்கு ஓடவைப்பது 'விஐபி' என்ற மற்றொரு நியூரோபெப்டைடு.

ஆரெக்சினைத் தடுத்துத் தூக்கம் வரவைக்கும் மாத்திரைக்கு 2014இல் அமெரிக்கா அனுமதி தந்தது. எகோனோமோ பார்த்த அந்தத் தொற்று எதனால் வந்தது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: ஆபீஸ் மீட்டிங்கிலேயே அடிக்கடி கண் சொக்கிப்போகிறவர் சோம்பேறியாகத்தான் இருக்கணும்னு இல்லை. அவருக்குத் தேவை திட்டு அல்ல, டாக்டராக இருக்கலாம்.