கோப்பையிலும் இவர் பெயர்தான், எல்லையிலும் இவர் பெயர்தான்: யார் இந்த மார்ட்டிமர் டூரண்ட்?

டூரண்ட் கோப்பை மேட்ச் ஸ்கோர் பார்க்க போனில் 'டூரண்ட்' என்று டைப் பண்ணியிருக்கீங்களா? கால்பந்தோடு சேர்ந்து ஒரு வரைபடமும் வந்து நிற்கும். பாகிஸ்தானுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் நடுவே 2,600 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் எல்லை. அதற்குப் பெயர் டூரண்ட் கோடு. ஒன்றில் கோல் அடிக்கிறார்கள், இன்னொன்றில் இன்றைக்கும் குண்டு வெடிக்கிறது.

இரண்டுக்கும் பெயர் கொடுத்தவர் ஒரே ஆள். அவர் இறந்து நூறு வருஷம் தாண்டிவிட்டது. சென்னையின் எஃப்சி உட்பட நம்ம அணிகள் ஆடும் ஒரு போட்டியில் அவர் பெயர் ஏன் இன்னும் இருக்கிறது? இருக்கணுமா?

சுருக்கமா சொன்னா:

• 1888: ஷிம்லாவில் டூரண்ட் கோப்பை தொடக்கம். ஆசியாவின் மிகப் பழைய கால்பந்துப் போட்டி.
• 1893: காபூலில் டூரண்ட் கோடு ஒப்பந்தம்.
• 1940: முதல் முறையாக ஒரு இந்திய அணி கோப்பையைத் தூக்கியது.

இனி விரிவாகப் பார்ப்போம்.

யார் இவர்?

முழுப் பெயர் ஹென்றி மார்ட்டிமர் டூரண்ட். 1850 பிப்ரவரி 14 அன்று, இன்றைய மத்தியப் பிரதேசத்தில் போபால் பக்கத்தில் இருக்கும் சீஹோரில் பிறந்தார். அப்பா ஹென்றி மேரியன் டூரண்ட், கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் இன்ஜினீயர் அதிகாரி. 1839-ல் முதல் ஆங்கிலேய - ஆப்கன் போரின்போது கஜினி கோட்டையின் கதவை வெடிமருந்து வைத்துத் தகர்த்தார்களே, அந்தத் திரியைப் பற்ற வைத்தவர் இவர்தான். ஆக, ஆப்கானிஸ்தான் இந்தக் குடும்பத்துக்குப் புதுசு கிடையாது.

1857 கிளர்ச்சி வெடித்தபோது அப்பா இந்தூரில் பிரிட்டிஷ் பிரதிநிதி. அங்கிருந்து தப்பி ஓட வேண்டிய நிலை. அந்த வருஷமே அம்மா இறந்துபோனார். மார்ட்டிமருக்கு அப்போது 7 வயது.

படிப்பெல்லாம் இங்கிலாந்தில். முதலில் பிளாக்ஹீத் பள்ளி, பிறகு டான்பிரிட்ஜ் பள்ளி. இதில் பிளாக்ஹீத் சாதாரணப் பள்ளி இல்லை. 1863-ல் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் உருவானபோது அதைத் தொடங்கி வைத்தவர்களில் இந்தப் பள்ளி அணியும் ஒன்று. இன்று உலகமே ஆடும் கால்பந்தின் விதிகளை எழுதிய சங்கம் அது.

இடையில் இன்னொரு அடி. பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக உயர்ந்திருந்த அப்பா, எல்லையோர ஊரான டாங்கில் யானை மேல் அம்பாரியில் போய்க்கொண்டிருந்தார். நுழைவாயில் உயரம் போதவில்லை. அதில் நசுங்கிக் காயமடைந்து 1871 ஜனவரி 1 அன்று இறந்தார். ஒரு கோட்டைக் கதவை உடைத்துப் பெயர் வாங்கியவர், இன்னொரு ஊரின் வாசலில் உயிரை விட்டார். டாங்க் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது.

மகன் 1873-ல் இந்திய சிவில் சர்வீஸில் சேர்ந்தார். பாரசீக மொழியை நன்றாகக் கற்றுக்கொண்டார். இரண்டாம் ஆப்கன் போரில் ஜெனரல் ராபர்ட்ஸுக்கு அரசியல் செயலாளராக காபூல் போனார். 1880-களின் நடுவில், 35 வயதை ஒட்டி, பிரிட்டிஷ் இந்திய அரசின் வெளியுறவுச் செயலாளர் ஆனார். இன்றைக்கு நினைத்தால் மிக இளம் வயது.

ஷிம்லாவில் பிறந்த கோப்பை

வெயில் காலம் வந்தால் அரசாங்கமே மூட்டை கட்டிக்கொண்டு ஷிம்லா போய்விடும். வெளியுறவுச் செயலாளரும் கூடப் போவார். உடம்பு சரியில்லாமல் அங்கே தேறிக்கொண்டிருந்த சமயத்தில்தான் டூரண்டுக்கு இந்த யோசனை வந்தது என்று சொல்லப்படுகிறது. படை வீரர்களுக்கு நடுவே ஒரு கால்பந்துப் போட்டி, அதற்கு ஒரு கோப்பை. 1888-ல் முதல் போட்டி நடந்தது. ராயல் ஸ்காட்ஸ் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவு ஜெயித்தது.

ஏன் கால்பந்து? இதற்குப் பதில் தேட ஷிம்லா வரைக்கும் போக வேண்டாம். நம்ம பூந்தமல்லியே போதும். பிரிட்டிஷ் காலத்தில் இங்கேயும் ஒரு ராணுவ முகாம் இருந்தது. சென்னையில் வந்து இறங்கிய ஐரோப்பிய சிப்பாய்களுக்கு இது தெரிந்த ஊர். ஸ்காட்லாந்திலோ அயர்லாந்திலோ பிறந்து, 20 வயதில் கப்பலேறி, கத்திரி வெயிலில் பரேட் முடித்துவிட்டு, மிச்ச நேரம் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஆட்கள். போர் நடக்காத வருஷங்களில் அவர்களைக் காலி செய்தது எதிரி இல்லை. குடி, காய்ச்சல், சலிப்பு. நாடெங்கும் இருந்த கண்டோன்மென்ட்களின் கதை இதுதான். அதிகாரிகளுக்கு அது தலைவலி. மைதானமும் பந்தும் மலிவான மருந்து.

அதனால் ஆரம்பத்தில் இது முழுக்க ராணுவப் போட்டிதான். அதுவும் பிரிட்டிஷ் படைப்பிரிவுகளின் ராஜ்ஜியம். தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் கோப்பையை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அப்போதைய வழக்கம். ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி 1893, 94, 95 என மூன்று வருஷம் ஜெயித்து முதல் கோப்பையைக் கொண்டுபோனது. பிளாக் வாட்ச் படைப்பிரிவு 1897, 98, 99-ல் அதையே செய்தது. அதனால்தான் இன்று இருப்பது டூரண்ட் கொடுத்த மூன்றாவது கோப்பை.

காபூலில் ஒன்றரை மாதம்

ஹைலேண்ட் லைட் இன்ஃபன்ட்ரி முதல் கோப்பைக்கான ஹாட்ரிக்கைத் தொடங்கிய அதே 1893-ல், டூரண்ட் அக்டோபர் மாதம் காபூலில் இருந்தார்.

பின்னணி இதுதான். வடக்கே ரஷ்யா மத்திய ஆசியாவை ஒவ்வொரு துண்டாக விழுங்கிக்கொண்டு வந்தது. இந்தியா வரை வந்துவிடுமோ என்று லண்டனுக்கும் கல்கத்தாவுக்கும் பயம். நடுவில் ஆப்கானிஸ்தான். அதன் அமீர் அப்துர் ரஹ்மான் கான். அவருடைய அதிகாரம் எதுவரை, பிரிட்டிஷ் அதிகாரம் எதுவரை என்று தெளிவாக ஒரு கோடு இல்லை. பழங்குடிப் பகுதிகளில் அடிக்கடி மோதல்.

பாரசீகம் பேசத் தெரிந்த டூரண்ட் பேச்சுவார்த்தைக்குப் போனார். 1893 நவம்பர் 12 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏழே ஷரத்துகள். கோட்டுக்கு அந்தப் பக்கம் பிரிட்டிஷ் தலையிடாது, இந்தப் பக்கம் அமீர் தலையிட மாட்டார். பதிலுக்கு அமீருக்கு வருஷம் கொடுத்துவந்த 12 லட்சம் ரூபாய் மானியம் 18 லட்சம் ஆனது. ஆயுதம் இறக்குமதி செய்யவும் தடை இல்லை. அடுத்த சில வருஷங்களில் அளவுக்காரர்கள் மலை மலையாகப் போய் எல்லைக் கற்களை நட்டார்கள்.

பிரச்சினை என்னன்னா, அந்த மலைகளில் வாழ்ந்த பஷ்தூன் மக்களை யாரும் கேட்கவில்லை. ஒரே குலத்தைச் சேர்ந்தவர்கள் இரண்டு பக்கமாகப் பிரிந்தார்கள். சில இடங்களில் வீடு ஒரு பக்கம், மேய்ச்சல் நிலம் மறுபக்கம்.

1947-ல் பிரிட்டிஷார் கிளம்பினார்கள். அந்தக் கோடு பாகிஸ்தானின் எல்லை ஆனது. ஆப்கானிஸ்தான் ஏற்கவில்லை. ஐ.நா. சபையில் பாகிஸ்தானைச் சேர்க்கும் வாக்கெடுப்பில் எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே நாடு ஆப்கானிஸ்தான்தான். மன்னர் ஆட்சி, கம்யூனிஸ்ட் ஆட்சி, தாலிபான் ஆட்சி என்று காபூலில் எத்தனையோ மாறிவிட்டது. அந்தக் கோட்டை ஏற்க முடியாது என்ற நிலைப்பாடு மட்டும் மாறவே இல்லை. 2025 அக்டோபரில்கூட இரு நாட்டுப் படைகளும் அங்கே மோதிக்கொண்டன.

அதற்கப்புறம்?

காபூல் ஒப்பந்தத்தால் டூரண்டின் மதிப்பு ஏறியது. 1894-ல் பாரசீகத்துக்கான பிரிட்டிஷ் தூதர், 1900-ல் ஸ்பெயினுக்கு, 1903-ல் அமெரிக்காவுக்கு. அங்கேதான் சறுக்கல். அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு அவரைப் பிடிக்கவில்லை. 1906-ல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். கடைசி வருஷங்களில் புத்தகங்கள் எழுதினார். 1924-ல் இறந்தார். தன் பெயரில் இருந்த கோப்பையை ஒரு இந்திய அணி வெல்வதை அவர் பார்க்கவே இல்லை.

கோப்பை நம்ம கைக்கு வந்தது எப்படி?

அதற்கு 52 வருஷம் ஆனது. 1940-ல் போட்டி ஷிம்லாவிலிருந்து டெல்லிக்கு இறங்கி வந்தது. டிசம்பர் 12 அன்று இர்வின் ஆம்பிதியேட்டரில் ஃபைனல். இன்று அது மேஜர் தியான்சந்த் தேசிய மைதானம். கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங், ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை 2-1 என வீழ்த்தியது. யாருடைய சிப்பாய்களுக்குப் பொழுதுபோக்காகத் தொடங்கியதோ, அவர்களையே தோற்கடித்து வாங்கிய கோப்பை அது.

இரண்டாம் உலகப் போர், பிரிவினை என்று போட்டி சில வருஷம் நின்றது. 1950-ல் மீண்டும் தொடங்கியபோது ஹைதராபாத் சிட்டி போலீஸ் ஜெயித்தது. தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. குன்னூர் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955-லும் 1958-லும் கோப்பையைத் தூக்கியது. அந்த அணியின் கோல்கீப்பர், பிறகு இந்தியாவின் மகத்தான கோல்கீப்பர்களில் ஒருவரான பீட்டர் தங்கராஜ்.

ஜெர்மனி என்ன செய்தது?

பெயர் பற்றிய கேள்விக்கு ஒரு ஒப்பீடு உதவும். 1935-ல் ஜெர்மனியில் தேசிய அளவில் ஒரு கால்பந்துக் கோப்பை தொடங்கியது. பெயர் சாமர் கோப்பை. ஹிட்லர் அரசின் விளையாட்டுத் துறைத் தலைவர் ஹன்ஸ் ஃபான் சாமர் உண்ட் ஓஸ்டன் பெயர் அது. முதல் ஃபைனலில் நியூரம்பெர்க், ஷால்கே அணியை 2-0 என வென்றது. யூத வீரர்கள் அதற்கு முன்பே கிளப்களிலிருந்து துரத்தப்பட்டிருந்தார்கள். 1938-ல் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியதும் வியன்னா அணிகளும் இதில் ஆட வேண்டி வந்தது. அந்த வருஷத்துக்கான போட்டியை ராபிட் வியன்னா ஜெயித்தது. 1943-ல் நடந்த கடைசிப் போட்டியையும் ஒரு வியன்னா அணிதான் வென்றது.

போர் முடிந்தது. ஜெர்மனி போட்டியைக் காப்பாற்றியது, பெயரைத் தூக்கி எறிந்தது. 1950-களில் 'டிஎஃப்பி போகல்' என்று மீண்டும் வந்தது. பயர்ன் மியூனிக் ஆடும்போது நாம் பார்க்கும் அதே போட்டிதான்.

அப்போ நாமும் மாற்றணுமா?

மாற்றணும் என்பவர்களின் வாதம் எளிது. ராஜ்பத் 2022-ல் கர்தவ்ய பத் ஆனது. இர்வின் பெயர் மைதானத்திலிருந்து போனது. அடிமை நாட்டின் ஒரு அதிகாரி பெயர் மட்டும் எதற்கு? அதுவும் மக்களைக் கேட்காமல் கோடு போட்டவர் பெயர்?

வேண்டாம் என்பவர்களுக்கும் காரணம் இருக்கிறது. சாமர் கோப்பை ஒரு ஆட்சியின் விளம்பரப் பலகை. டூரண்ட் கோப்பையின் பெயருக்குள் 1940 டிசம்பர் 12 இருக்கிறது, வெலிங்டன் அணி இருக்கிறது. போட்டியை இன்று நடத்துவதும் நம்ம ராணுவம்தான். பெயரை எடுத்தால் அந்தக் கதையைச் சொல்ல ஒரு சாக்கு குறையும்.

பூந்தமல்லிக்காரர்களுக்கு இது புரியும். பூந்தமல்லி ஹைரோடுக்கு சென்னைக்குள் பெரியார் பெயர் வைத்துப் பல வருஷம் ஆச்சு. ஆட்டோ ஏறும்போது நீங்க என்ன பெயர் சொல்றீங்க? பலகை ஒரு நாளில் மாறிவிடும். வாயில் இருக்கும் பெயர் மாறுவதற்குத் தலைமுறை ஆகும்.

ஆனால் ஒரு வித்தியாசம். கோப்பையின் பெயரை நாளைக்கே மாற்றினாலும் யாருக்கும் அடிபடாது. அந்த எல்லைக்கோட்டின் பெயரை மாற்றினாலும் அங்கே இருப்பவர்களுக்கு எதுவும் மாறாது. அடுத்த முறை டூரண்ட் கோப்பை ஸ்கோர் தேடும்போது அந்த வரைபடமும் கண்ணில் பட்டால், ஒரு நிமிஷம் அதையும் பார்த்துவிட்டு மேட்ச்சுக்குப் போங்க.