காலராவைக் குடித்தார்... தயிரை நம்பினார்! குடலுக்குள் ஆயுளைத் தேடிய மெச்னிகாவ் கதை

1892-ம் வருஷம். பிரான்ஸில் காலரா பரவிக்கொண்டிருந்த நேரம். பாரிஸில் இருக்கும் பாஸ்டர் ஆய்வு நிலையத்தில் 47 வயது விஞ்ஞானி ஒருவர், காலராக் கிருமிகள் கலந்த திரவத்தை எடுத்துக் குடித்தார். தாடியும் கண்ணாடியும் கலைந்த தலையுமாக இருக்கும் அவர் பெயர் இலியா மெச்னிகாவ்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்து, தானாக முன்வந்த ஒருவர் குடித்தார். அவருக்கும் ஒன்றுமில்லை. அதற்கடுத்து இன்னொருவர் குடித்தார். அவரோ சாவின் வாசல்வரை போய்த் திரும்பினார்.

இன்றைக்கு இப்படியொரு பரிசோதனைக்கு உலகத்தில் எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதி தராது. தந்திருக்கவும் கூடாது. ஆனா, அன்றைக்கு மெச்னிகாவுக்குள் எழுந்த கேள்வி இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரே கிருமி, மூன்று வயிறு. ஏன் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி ஆகவில்லை?

நீங்கள் தயிர் சாப்பிட்டால் வயிறு சரியாகிறது, உங்கள் ரூம்மேட்டுக்கு ஆவதில்லை. ஏன்? அதுவும் கிட்டத்தட்ட இதே கேள்விதான்.

அவசரக்காரப் பையன்

இன்றைய உக்ரைனில், கார்கிவ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் 1845-ல் பிறந்தார் மெச்னிகாவ். ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா, ஜாரின் காவல் படையில் அதிகாரியாக இருந்தவர்.

பையனுக்கு எல்லாவற்றிலும் அவசரம். கார்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷப் படிப்பை இரண்டே வருஷத்தில் முடித்தார். ஜெர்மனி, இத்தாலி என்று சுற்றிக் கடல் உயிரினங்களை ஆராய்ந்தார். 25 வயதில் ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர். இன்று நாம் 25 வயதில் முதல் வேலையிலிருந்து இரண்டாவது வேலைக்கு மாறுவோமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்போம்!

நாற்காலியில் வந்த மணப்பெண்

1869-ல் லுட்மிலாவைத் திருமணம் செய்துகொண்டார். அவருக்குக் காசநோய். தேவாலயத்துக்கு நடந்துவரக்கூட முடியாததால், மணப்பெண்ணை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. சிகிச்சைக்கும் வெளிநாட்டுப் பயணத்துக்கும் பணம் வேண்டும் என்பதால், பேராசிரியர் வேலையோடு மொழிபெயர்ப்பு வேலைகளையும் இழுத்துப்போட்டுச் செய்தார் மெச்னிகாவ். நல்ல காற்று உதவும் என்று மடைரா தீவு வரைக்கும் கூட்டிப்போனார். 1873-ல் லுட்மிலா அங்கேயே இறந்துபோனார்.

மனுஷன் உடைந்துபோனார். ஏற்கெனவே இதயம் பலவீனம், கண் பார்வையும் மோசம். வாழப் பிடிக்காமல் உயிரை விடத் துணிந்தார், பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஜெனீவாவில் ஒரு இரவு. பாலத்தில் விளக்கைச் சுற்றிப் பறக்கும் பூச்சிக் கூட்டத்தைப் பார்க்கிறார். சில மணி நேரமே வாழும் இந்தப் பூச்சிகளுக்கு டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு எப்படிப் பொருந்தும் என்று மூளை யோசிக்க ஆரம்பிக்கிறது. அந்த யோசனைதான் அவரைத் திரும்ப வாழ்க்கைக்குள் இழுத்துவந்தது.

1875-ல் ஓல்காவை மணந்தார். ஐந்து வருஷம் கழித்து ஓல்காவுக்குக் கடுமையான டைபாய்டு. மறுபடியும் அதே பயம், அதே இருட்டு. அந்தச் சமயத்தில் ஒரு காய்ச்சல் கிருமியைத் தனக்குத்தானே ஏற்றிக்கொண்டு சாவுக்கு அருகில் போய் வந்தார். ஓல்காவும் பிழைத்தார், அவரும் பிழைத்தார். அடுத்த வருஷமே, 1881-ல், அண்ணன் இவான் இறந்தார். டால்ஸ்டாய் எழுதிய 'இவான் இலியிச்சின் மரணம்' கதைக்குத் தூண்டுதலாக இருந்தது இந்த அண்ணனின் மரணம்தான்.

இத்தனை சாவுகளைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர், பின்னாளில் ஆயுளை நீட்டிக்க வழி தேடினார் என்றால், அதில் ஆச்சர்யம் என்ன?

ரோஜா முள்ளும் நட்சத்திர மீனும்

அரசியல் கொந்தளிப்பால் ஒடெசா வேலையை விட்டுவிட்டு, 1882-ல் குடும்பத்தோடு இத்தாலியின் மெஸ்ஸினா நகருக்குப் போனார். ஒருநாள் வீட்டில் எல்லாரும் சர்க்கஸ் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். இவர் மட்டும் மைக்ராஸ்கோப்போடு தனியாக. நட்சத்திர மீனின் லார்வா கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அதன் உடலுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார்.

மறுநாள் காலையில் பார்த்தால், முள்ளைச் சுற்றிச் செல்கள் கூட்டமாக மொய்த்து நின்றன. அந்நியப் பொருள் வந்தால் சூழ்ந்துகொண்டு விழுங்கப் பார்க்கும் செல்கள்! 'ஃபேகோசைட்' என்று இவற்றுக்குப் பெயர் வந்தது. உடம்பின் எதிர்ப்பு சக்தி எப்படி வேலை செய்கிறது என்ற கேள்விக்குக் கிடைத்த பெரிய விடை இது. இதற்காகத்தான் 1908-ல் பால் எர்லிச்சோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கினார்.

1888-ல் லூயி பாஸ்டர் அவருக்குப் பாரிஸில் ஓர் ஆய்வகம் கொடுத்தார். கடைசிவரை அதுதான் அவர் இடம்.

வயிற்றுக்குள் யார் யார்?

திரும்பக் காலராவுக்கு வருவோம். மூன்று பேருக்கு மூன்று விதமாக ஆனதற்குக் காரணம், ஏற்கெனவே குடலுக்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார் மெச்னிகாவ். ஆய்வகத் தட்டில் காலராக் கிருமியோடு வேறு பாக்டீரியாக்களைச் சேர்த்து வளர்த்துப் பார்த்தார். சில பாக்டீரியாக்கள் காலராக் கிருமி வளர உதவின. சில, அதை வளரவிடாமல் தடுத்தன.

அதாவது, குடல் ஒரு காலி மனை கிடையாது. அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். புதிதாக வருபவர் தங்குவதும் வெளியேறுவதும் அந்த ஆட்களைப் பொறுத்தது. ஒருவர் வயிற்றில் இருக்கும் கூட்டமும் இன்னொருவர் வயிற்றில் இருக்கும் கூட்டமும் வேறு வேறு. மரபணுவைப் படிக்கும் வசதியெல்லாம் இல்லாத காலத்தில் அவர் இதை யோசித்தார் என்பதுதான் விஷயம்.

பாரிஸைப் பிடித்த தயிர் மோகம்

வயசாக ஆக, முதுமை ஏன் வருகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பெருங்குடலில் உணவுக் கழிவு அழுகும்போது பாக்டீரியாக்கள் நச்சை உண்டாக்குகின்றன, அந்த நச்சுதான் நம்மைச் சீக்கிரம் கிழவராக்குகிறது என்று நம்பினார். பால் புளித்தால் அதிலுள்ள அமிலம் அழுகலைத் தடுக்கிறது. அப்படியானால், புளிக்கவைக்கும் பாக்டீரியாவைக் குடலுக்குள் அனுப்பினால் என்ன?

பல்கேரியாவில் நூறு வயது தாண்டியவர்கள் நிறைய என்ற தகவலும், அவர்கள் நிறைய தயிர் சாப்பிடுவார்கள் என்ற தகவலும் அவருக்குக் கிடைத்தன. 1905-ல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரிய மாணவர், தயிரை உறையவைக்கும் பாக்டீரியாவை அடையாளம் கண்டார். 'லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ்' என்று இன்று தயிர் டப்பாக்களில் படிக்கிறோமே, அதேதான்.

1904-ல் முதுமை பற்றிப் பாரிஸில் மெச்னிகாவ் ஓர் உரை நிகழ்த்தினார். பத்திரிகைகள் அதைத் தூக்கிப் பிடித்தன. அப்புறம் என்ன? புளித்த பாலுக்கு மவுசு கூடியது. பாக்டீரியா மாத்திரைகள் விற்பனைக்கு வந்தன. இன்ஸ்டாவில் ஒரு டயட் டிரெண்ட் ஆவதற்கு நூறு வருஷம் முன்னாடியே ஒரு சூப்பர் ஃபுட் டிரெண்ட் ஆகிவிட்டது. அவரும் வருஷக்கணக்கில் தினமும் புளித்த பால் குடித்தார். பச்சைக் காய்கறி, பழங்களில் கிருமி இருக்கும் என்று பயந்து அவற்றை வேகவைக்காமல் தொடமாட்டார்.

எங்கே சறுக்கினார்?

பெருங்குடலே மனுஷனுக்குத் தேவையில்லாத உறுப்பு என்று நினைத்தது அவர் செய்த பெரிய தப்பு. அதே எண்ணம் பரவிய அந்தக் காலத்தில், சில அறுவை சிகிச்சை நிபுணர்கள் மலச்சிக்கலுக்குப் பெருங்குடலையே வெட்டி எடுத்த கொடுமையும் நடந்தது. உண்மையில், நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தைச் சாப்பிட்டு, குடல் செல்களுக்கே உணவாகும் அமிலங்களைத் தயாரித்துக் கொடுப்பது பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள்தான். அவர் எதிரி என்று நினைத்த கூட்டத்தில் பாதி நம் சமையல்காரர்கள்!

தயிர் பாக்டீரியா குடலில் போய்க் குடியேறிவிடும் என்று அவர் எதிர்பார்த்ததும் நடக்கவில்லை. அது பெரும்பாலும் விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போய்விடுகிறது என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின.

ஆனா, அடிப்படை யோசனையில் அவர் ஜெயித்துவிட்டார். கொழுப்பும் மாமிசப் புரதமும் அதிகம் சாப்பிடுகிறவர்கள் குடலில் ஒரு வகைக் கூட்டமும், மாவுச்சத்து அதிகம் சாப்பிடுகிறவர்கள் குடலில் இன்னொரு வகைக் கூட்டமும் ஓங்கி நிற்பதை 2011-ல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அந்தப் பெரிய வடிவம் நீண்டகாலச் சாப்பாட்டுப் பழக்கத்தோடு ஒட்டியே இருந்தது. இறைச்சி, முட்டை, சீஸ் மட்டும் என்று உணவை முழுசாக மாற்றினால் ஓரிரு நாளிலேயே குடலில் மாற்றம் தெரிகிறது என்றது 2014-ல் வந்த இன்னொரு ஆய்வு. 2018-ல் இஸ்ரேலில் ஒரே புரோபயாடிக்கைப் பலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலர் குடலில் அது ஒட்டிக்கொண்டது. சிலர் குடல் அதை உள்ளேயே சேர்க்கவில்லை. 1892-ல் எழுந்த அதே கேள்வி, புது உருவத்தில்!

2021-ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பத்து வாரம் தயிர் மாதிரி புளிக்கவைத்த உணவுகளை நிறைய சாப்பிட்டவர்களின் குடலில் பாக்டீரியா வகைகள் அதிகரித்தன. மனுஷன் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

அதனால், யாருக்கோ வேலை செய்த புரோபயாடிக் பாட்டில் உங்களுக்கும் வேலை செய்யும் என்று காசைக் கொட்ட வேண்டாம். தயிரோடு பயறு, கீரை, காய், பழம் என்று தட்டில் வகை கூடட்டும். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள், புரோபயாடிக் எடுக்கும் முன் டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும்.

கடைசி வேண்டுகோள்

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916-ல், 71-வது வயதில், பாரிஸில் இதயக் கோளாறால் இறந்தார் மெச்னிகாவ். நூறு வயதுக் கனவு பலிக்கவில்லை. ஆனா, 28 வயதில் சாக நினைத்தவர், அதற்குப் பிறகு 43 வருஷம் வாழ்ந்திருந்தார்.

சாகும் தறுவாயில் நண்பரான டாக்டரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். தன் உடலை அறுத்துப் பார்க்கும்போது, குடலை மட்டும் நன்றாகக் கவனித்துப் பார்க்கச் சொன்னார். தன் உடம்பையும் ஒரு பரிசோதனையாகவே பார்த்தவரின் கடைசி ஆசை அது. அவருடைய சாம்பல் இன்றும் பாஸ்டர் நிலையத்தின் நூலகத்தில், அவர் நேசித்த புத்தகங்களுக்கு நடுவே இருக்கிறது.